ஒன்பது முறை செத்த மார்லீன்

மார்லீன் பாஸ்கோ தன் ஐம்பத்தெட்டு வயதுக்குள் ஒன்பது தடவை செத்திருந்தாள். இரண்டு தடவை கோடாரி, மூன்று தடவை துப்பாக்கி, ஒரு தடவை தாகம், ஒரு தடவை பாம்பு. மீதி இரண்டில் எதனால் செத்தாள் என்று அவளுக்கே தெரியாது. "இங்க படுங்க, கேமராவப் பாக்காதீங்க" என்று மட்டும் சொன்னார்கள். படுத்தாள். சாயங்காலம் எழுந்து வீட்டுக்கு வந்து டெஸ்ஸுக்கு உருளைக்கிழங்கு வேக வைத்தாள்.

சாகாத நாட்களில் அவள் கார்னெட் ஹில் பள்ளிக்கூடத்து பஸ் ஓட்டினாள். முப்பது வருடமாக அதே தடம். காலையில் ஆற்றோரக் குடியிருப்பு, பிறகு ரயில்வே லைன், பிறகு ஆட்டுப் பண்ணைகள், எட்டே முக்காலுக்குப் பள்ளி வாசல். ஏறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு "வாடா கண்ணு". அதன் பிறகு வாய் மூடாது. நேற்று என்ன சமைத்தாள், எந்தக் கங்காரு குறுக்கே ஓடியது, டெஸ்ஸின் முதுகுவலி எந்த நிலையில் இருக்கிறது, எல்லாம் பிள்ளைகளுக்கு அத்துப்படி. டெஸ் சுரங்கத்தில் முதுகை உடைத்துக்கொண்டு சீக்கிரமே ஓய்வு பெற்றவன். அவனுடைய எக்ஸ்ரேயைப் பற்றி எங்கள் ஊர் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் டாக்டரைவிட நன்றாகப் பேசுவார்கள்.

அவள் சினிமாவுக்குள் நுழைந்தது பேக்கரி வரிசையில். இறைச்சி அடைத்த 'பை' பலகாரம் வாங்க நின்றவளை, சிட்னியிலிருந்து ஆள் பிடிக்க வந்த ஒரு பெண் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள்.

"இந்த முகத்த இவ்வளவு நாள் எங்க வெச்சிருந்தீங்க?"

"கழுத்துக்கு மேலதான், கண்ணு. ஏன், எறங்கிடுச்சா?"

முகத்துக்காக எடுத்தார்கள், வேறொன்றுக்காக வைத்துக்கொண்டார்கள். மார்லீன் முகத்தில் ஈ உட்கார்ந்தால் அவள் அசைய மாட்டாள். உதட்டில் நடக்கும், மூக்கில் ஏறும், திறந்த கண்ணின் ஓரத்தில் நின்று கால் தேய்க்கும். மார்லீன் மூச்சைப் பிடித்தபடி கிடப்பாள். நகரத்துப் பிணங்கள் மூன்றாவது நொடியில் கையை வீசிவிடும். அதனால், வறண்ட நாட்டில் யாராவது சாக வேண்டும் என்றால் முதலில் மார்லீனுக்குத்தான் போன் வரும்.

யாராவது சாகாமல் எங்கே இருந்தார்கள்? இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை சினிமாக் கூட்டம் வந்து இறங்கும். கதை ஒன்றேதான். நகரத்து ஜோடியின் கார் எங்கள் ஊர்ப் பக்கம் பழுதாகும். பெட்ரோல் பங்க்காரன் ஒரு மாதிரி பார்ப்பான். பிறகு ஊரே சேர்ந்து அவர்களை வெட்டும். வெட்டாத படம் என்றால் வறட்சிப் படம். அதில் ஒரு விவசாயி வேலியில் கை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் அடிவானத்தைப் பார்ப்பான், கடைசியில் நாயைச் சுடுவான். உண்மையில் எங்கள் ஊரில் கார் பழுதானால் மூன்று பேர் போட்டி போட்டு பானட்டைத் திறப்பார்கள். அதில் ஒருத்தன் கல்யாண ஆல்பத்தைக் காட்டாமல் உங்களை விட மாட்டான்.

"இந்த நாட்டுல பத்துல ஒம்பது பேரு கடலுக்குப் பக்கத்துலதான் குடியிருக்கான்" என்பான் டெஸ். "சினிமாவுல பாரு, ஒருத்தனுக்காச்சும் கால் நனையுதா? கடலோரமா உக்காந்து காபி குடிச்சுக்கிட்டே நம்மளப் பாத்து பயந்துக்கறானுங்க."

ஊருக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. மதுக்கடை நடத்தும் ராஸ் கிட்டிங், ஒரு படத்தில் பயன்பட்ட ரப்பர் மனிதத் தலையைக் கேட்டு வாங்கி பாட்டில்களுக்கு மேலே தொங்கவிட்டான். சுற்றுலாக்காரர்கள் அதோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். 'கார்னெட் ஹில்: வந்தவர் திரும்பியதில்லை' என்று அச்சடித்த பனியனும் அவன் கடையில் நன்றாக விற்றது.

ஒன்பதாவது சாவு ஜூலியன் ஆஷ்வொர்த் எடுத்த படத்தில். ஜூலியன் மெலிந்த, நல்ல மனிதர். சிட்னியில் கடல் தெரியும் வீட்டில் உட்கார்ந்து ஏழு வருடம் வறட்சியைப் பற்றி எழுதியிருந்தார். படப்பிடிப்புக்கு அவர் வந்து இறங்கிய வாரம் மழை கொட்டியது. நின்று பெய்தது, மூன்று வாரம். செம்மண் பாலைவனம் முழுக்கப் பச்சை. அதற்கு மேல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஊதாப் பூ. ஆடுகள் குடித்தவர்கள் மாதிரி நடந்தன. ஊர் சனங்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே உட்கார்ந்து பூவைப் பார்த்தார்கள். ஜூலியன் மட்டும் குடைக்கடியில் நின்று அழாத குறை.

"இது ஆஸ்திரேலியா மாதிரியே இல்லையே" என்றார்.

கடைசியில் ஊர்க்காரர்கள் அறுபது பேரை வேலைக்கு வைத்தார். மூன்று நாள் அவர்கள் குனிந்து கால்பந்து மைதானம் அளவுக்குப் பூவைப் பிடுங்கினார்கள். டெஸ் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை செய்தான்.

"மழைக்காக எங்கப்பன் மாதா கோயில்ல முட்டி போட்டான்" என்றான். "வந்ததும் வேரோட புடுங்கச் சொல்றான் இந்த ஆளு. அந்த மூலைல ஒண்ணு சிரிக்குது பாரு, அதையும் புடுங்கு."

பிடுங்கின இடம் ஈரத்தில் பழுப்பாகத் தெரிந்ததால் நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து லாரியில் சிவப்பு மண் கொண்டுவந்து கொட்டினார்கள். எங்கள் ஊர் எங்கள் ஊராகத் தெரிவதற்கு அவ்வளவு வேஷம் போட வேண்டியிருந்தது.

படத்தின் நாயகி ஒரு விதவைப் பண்ணைக்காரி. அந்த வேஷத்துக்கு லண்டனிலிருந்து ஹாரியட் லின் வந்தாள். பெரிய நடிகை, அரசகுமாரிகளாகவே நடித்தவள். அவளுக்கு எங்கள் பேச்சு வரவில்லை. பேச்சு சொல்லிக்கொடுக்க யாரைப் பிடிக்கலாம் என்று தேடினார்கள். பிணமாக நடிக்கத் துணி மாற்றிக்கொண்டே பக்கத்தில் நின்ற மார்லீனின் வாய் ஓயாததைக் கவனித்த யாரோ அவளைக் கேரவனுக்குள் தள்ளினார்கள்.

"வாயத் தொறந்து பேசாதீங்க, கண்ணு" என்றாள் மார்லீன். "ஈ உள்ள போயிடும். பல்ல மூடிக்கிட்டு, சைடுல விடணும் வார்த்தைய. யாரையாவது ரொம்பப் புடிச்சிருந்தா திட்டணும். புடிக்கலன்னா மரியாதையாப் பேசணும்."

ஹாரியட்டுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. பத்து நாளில் அவள் மார்லீன் மாதிரியே பேச ஆரம்பித்தாள். பேச்சு வந்ததும் கூடவே ஓயாத வாயும் வந்தது. படத்தில் அந்த விதவைக்கு மொத்தம் நாற்பத்தோரு வார்த்தை. கணவனைப் புதைக்கும் காட்சியில் ஹாரியட், எழுதிக் கொடுத்த நான்கு வார்த்தைக்குப் பதிலாக, செத்தவனின் குறட்டையில் தொடங்கி அவன் தம்பி திருப்பித் தராத டிராக்டர் வரைக்கும் போனாள். ஒளிப்பதிவாளர் குலுங்கிச் சிரித்ததில் கேமரா ஆடியது. ஜூலியன் மார்லீனைத் தனியாக அழைத்தார்.

"இங்க இருக்கற பெண்கள் அப்படிப் பேச மாட்டாங்க, மார்லீன்."

"நான் இங்கதான பொறந்தேன்?"

"உங்கள மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது. இந்த நிலம் அவங்கள மௌனமாக்கிடுச்சு. படத்தோட உயிரே அதுதான்."

"நிலமா? முப்பத்தஞ்சு வருஷமா எம்புருஷனே முயற்சி பண்றான், முடியல."

ஜூலியன் சிரித்தார், ஆனால் வெட்டினார். படம் வெளிவந்தபோது விதவைக்கு ஒன்பது வார்த்தைதான் மிச்சம். ஐரோப்பாவில் ஏதோ ஒரு விழாவில் பரிசு வாங்கியது. ஒரு நாட்டின் ஆன்மாவை அதன் மௌனத்திலேயே கேட்க முடிந்ததாக எழுதினார்கள். கார்னெட் ஹில் நகர மன்றக் கூடத்தில் போட்டபோது, சோகமான இடங்களிலெல்லாம் சனங்கள் கைதட்டினார்கள். லாரி மண்ணை அடையாளம் கண்டுகொண்டதுதான் காரணம். "அது நான் வழிச்சுப் போட்ட மண்ணு" என்று பின்னாலிருந்து ஒருத்தன் பெருமையாகச் சொன்னான். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பதினோரு நொடி பிணமாகக் கிடந்த மார்லீனுக்கு ஊரே விசிலடித்தது.

அதற்கு அடுத்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டெனீல் ஹார்விக் அவள் சமையலறைக் கதவைத் தட்டினாள். டெனீல் ஆற்றோரக் குடியிருப்புப் பழங்குடிக் குடும்பத்துப் பெண். பள்ளி நாட்கள் முழுக்க மார்லீனின் பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தவள். இப்போது முப்பத்தொரு வயது. மெல்பேர்னில் சினிமா படித்துவிட்டு இரண்டு குறும்படம் எடுத்திருந்தாள். முதல் பெரிய படத்துக்கு அரசு நிதி கிடைத்திருந்தது.

"மிஸஸ் பாஸ்கோ, உங்களுக்கு ஒரு வேஷம் இருக்கு."

"எதுல சாகணும்? பாம்புன்னா வரமாட்டேன். போன தடவ நெஜப் பாம்ப விட்டுட்டானுங்க."

"சாக வேணாம். உயிரோட இருக்கீங்க. வாய் ஓயாம பேசறீங்க."

மார்லீன் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். கேமரா முன்னால் மார்லீனை யாரும் பேசச் சொன்னதே இல்லை. டெனீல் கொடுத்த தாள்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள்.

கதை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் நடக்கிறது. ஆற்றோரத்தில் ஒரு கறுப்புக் கார் வந்து நிற்கிறது. ஓர் அதிகாரி இறங்கி, காகிதத்தைக் காட்டி, ஒரு தாயிடமிருந்து மூன்று பிள்ளைகளைப் பிரிக்கிறார். பழங்குடிப் பிள்ளைகளைப் பிரித்து விடுதியில் வளர்க்கச் சட்டம் அப்போது இடம் கொடுத்தது. காருக்குள்ளே ஒரு வெள்ளைக்காரப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளைகள் அழாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. மிட்டாய் கொடுக்கிறாள். பேசிக்கொண்டே வருகிறாள். "வாங்க கண்ணுங்களா, ஜன்னல் பக்கம் யாரு? இதோ வந்துடுச்சு, இன்னும் கொஞ்ச தூரம்தான்."

மார்லீன் தாளை மேஜையில் வைத்தாள்.

"இது நான் பேசறது."

"ஆமா."

"என்னை அப்படியா நெனச்சிருந்தே? பன்னண்டு வருஷம் உன்னைப் பத்திரமா கூட்டிட்டுப் போயி, பத்திரமா வீட்ல விட்டவ நான்."

"அதனாலதான் வந்தேன்" என்றாள் டெனீல். "கொடுமக்காரியா நடிக்க சிட்னில தெருவுக்கு நாலு பேரு இருக்காங்க. எனக்கு நல்ல பொம்பள வேணும். அந்தக் கார்ல போனது எங்க ஆலிவ் அத்தை. அப்போ அஞ்சு வயசு. அந்தம்மா மூஞ்சி அத்தைக்கு ஞாபகமே இல்ல. கொரல் மட்டும் மறக்கல. அவ்வளவு அன்பாப் பேசுனாளாம். அந்த அன்ப நம்பித்தான் அத்தை அழாமப் போச்சாம்."

மார்லீனுக்கு ஆலிவ்வைத் தெரியும். மாதத்துக்கு ஒரு முறை மருந்துக் கடையில் ரத்தக் கொதிப்பு மாத்திரைக்கு இருவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். முழங்கால் பற்றிப் பேசுவார்கள், வெயில் பற்றிப் பேசுவார்கள். நாற்பது வருடப் பழக்கம் அவ்வளவுதான்.

டெனீல் போன பிறகு இரண்டு நாள் மார்லீன் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாள்.

"பயமா இருக்கா?" என்று கேட்டான் டெஸ்.

"கோவமா இருக்கு."

"யார் மேல?"

"அதத்தான் தேடிக்கிட்டிருக்கேன். நீ பக்கத்துல நிக்காத, கெடைக்கலன்னா உன் மேல போட்டுடுவேன்."

மூன்றாம் நாள் பஸ்ஸை நிறுத்திவிட்டு நேராக ஆலிவ் வீட்டுக்குப் போனாள். பஸ் நிறுத்தம் வரை ஆறாயிரம் தடவை போயிருப்பாள், அங்கிருந்து ஐம்பது அடி தள்ளியிருந்த அந்த வாசலை முதல் தடவையாக மிதித்தாள். ஆலிவ் குழாயடியில் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். மார்லீன் ஒரு பெரிய பேச்சைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். வந்த இடத்தில் அது எதுவும் வாயில் ஏறவில்லை.

"நான் இதப் பண்ணா உனக்குப் பரவாயில்லையா?" என்று மட்டும் கேட்டாள்.

"நீ மாட்டேன்னா பேக்கரிக்காரியக் கேப்பா டெனீல்" என்றாள் ஆலிவ், குழாயைத் திருப்பாமலே. "அவளுக்கு அன்பாப் பேசவே வராது. சில்லறைய எறியறவ. எங்கதைய அவகிட்டக் குடுக்க எனக்கு இஷ்டமில்ல."

மார்லீன் ஒப்புக்கொண்டாள்.

செய்தி ராஸ் காதுக்கு எட்ட ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமை டெஸ்ஸோடு மதுக்கடைக்குப் போனவளை அவன் கவுண்டர் ஓரமாக ஒதுக்கினான். ஊர் மன்றத்தில் அவனும் ஓர் உறுப்பினர்.

"மார்லீன், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், உன் விருப்பம். ஆனா பழசயெல்லாம் எதுக்குக் கிளறணும்? ஊர் பேரு கெட்டுப்போயிடும்."

"ஊர் பேரா?"

"வெளியூர்க்காரன் நம்மளப் பத்தி என்ன நெனப்பான்?"

மார்லீன் நிமிர்ந்து பாட்டில்களுக்கு மேலே பார்த்தாள். "உன் தலைக்கு மேல ஒரு மனுஷத் தலை தொங்குது, ராஸ்."

"அது வேற. அது சும்மா."

"முப்பது வருஷமா இந்த ஊரு வந்தவன் போனவனயெல்லாம் வெட்டித் தின்னுச்சு. நீ அதுக்குப் பனியன் அடிச்சு வித்தே. இப்போ ஒரு பொம்பள கார்ல உக்காந்து மிட்டாய் குடுக்கறா. அதுக்குப் பேரு கெட்டுப்போயிடுமா?"

"வெட்டித் தின்னது நடக்கலையே" என்றான் ராஸ்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது. துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்திருந்த இடத்தைத் துடைக்க ஆரம்பித்தான். டெஸ் தன் கண்ணாடிக் குவளையை முன்னால் நகர்த்தி, "இன்னொண்ணு ஊத்து, அதுதான் உனக்கு நல்லா வருது" என்றான்.

படப்பிடிப்பு செப்டம்பரில் நடந்தது. கார்க் காட்சிக்கு ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். மூன்று பிள்ளைகளும் டெனீலின் உறவுக்காரப் பிள்ளைகள். இரண்டு பேர் மார்லீனின் பஸ்ஸில் வருகிறவர்கள். மூன்றாவது, ஐந்து வயதுச் சிறுமி, இன்னும் பள்ளிக்குப் போகவில்லை. தாய்மார்கள் கேமராவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் பிள்ளைகள் ஓடிப்போய் அவர்கள் மடியில் ஏறிவிட்டு வரலாம் என்பது டெனீலின் ஏற்பாடு.

முதல் இரண்டு தடவை மார்லீன் நடித்தாள். குரலைக் கொஞ்சம் இறுக்கி, கண்ணைக் கொஞ்சம் சுருக்கி, இவள் சரியில்லாதவள் என்று பார்க்கிறவர்களுக்கு ஜாடை காட்டினாள்.

டெனீல் கார் ஜன்னலில் குனிந்தாள். "மிஸஸ் பாஸ்கோ, நீங்க ஒளியறீங்க. பஸ் ஓட்டற மாதிரி பேசுங்க, போதும்."

மூன்றாவது தடவை கார் கிளம்பியது. மார்லீன் பேசினாள். ஜன்னல் பக்கம் யாருக்கு, யார் பல் விழுந்திருக்கிறது, அங்கே தெரிகிற ஈமு எங்கே ஓடுகிறது. இழுத்துப் பிடித்த ஒரு வார்த்தைகூட இல்லை. மூன்றாவது மைல் கல் தாண்டியதும் அந்தச் சிறுமி, மார்லீன் தோளில் தலை சாய்த்து நிஜமாகவே தூங்கிப்போனாள். வாய் திறந்திருந்தது, எச்சில் சட்டையில் ஊறியது. மார்லீன் பேச்சை நிறுத்தாமல், குரலை மட்டும் தணித்து, குழந்தையின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். எழுதிய தாளில் அது இல்லை. அவள் கை தானாகச் செய்தது.

கட் சொன்னார்கள். குழந்தையைத் தாய் வந்து தூக்கிக்கொண்டாள். மார்லீன் காரைவிட்டு இறங்கவில்லை. ஈ முகத்தில் நடந்தால் அசையாதவள், கன்னத்தில் உட்கார்ந்த ஈயைக் கை வீசி விரட்டினாள். காரில் போன அந்தப் பெண்ணும் இப்படித்தான் முடியை ஒதுக்கியிருப்பாள், வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்கு வேக வைத்திருப்பாள், நன்றாகத் தூங்கியிருப்பாள். இது அவளுக்கு யாரும் விளக்காமலே புரிந்தது. புரிந்தது பிடிக்கவில்லை.

மரத்தடியில் தொப்பியோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ஆலிவ் மெதுவாக நடந்து வந்து கார்க் கதவைத் திறந்தாள். மார்லீனை மேலும் கீழும் பார்த்தாள்.

"கொரல் சரியா இருந்துச்சு" என்றாள். "ஆனா அவ உன்ன மாதிரி இல்ல, ஒல்லி."

மார்லீனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூக்கு வழியாக வெளியேறியது. ஆலிவ் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். "தொவச்சுக் குடு" என்றாள்.

அடுத்த ஜூனில், ஒரு சனிக்கிழமை மதியம், படத்தை நகர மன்றக் கூடத்தில் போட்டார்கள். ஆற்றோரத்துக் குடும்பங்கள் முன்வரிசைகளில், மற்றவர்கள் பின்னால். யாரும் அப்படிச் சொல்லவில்லை, அப்படித்தான் உட்கார்ந்தார்கள். முதல் அரை மணி நேரம் வழக்கம்போல் பின்னாலிருந்து ஏதோ கிண்டல் வந்தது. "அது எங்க மாமா வீட்டுக் கொட்டகை." பிறகு கார் வந்தது. மார்லீன் முகம் திரையில் தெரிந்ததும் ஒருத்தன் பழக்கதோஷத்தில் விசிலடித்தான். அவள் பேச ஆரம்பித்தாள். கூடத்தில் பாதிப்பேர் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர்கள். தூங்கும் குழந்தையின் முடியை அவள் ஒதுக்கியபோது முன்வரிசையில் யாரோ கிழவர் ஒருவர் "ஐயோ" என்றார், மெல்ல. பின்னால் ராஸ் எழுந்தான். வெளியே போகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவன் சுவரோரமாக நின்றுகொண்டே மீதிப் படத்தைப் பார்த்தான்.

சிட்னிப் பத்திரிகை ஒன்று மார்லீனின் நடிப்பை 'உறைய வைக்கும் கொடூரம்' என்று புகழ்ந்தது. டெஸ் அதை உரக்கப் படித்துவிட்டு, "கல்யாணத்தன்னிக்கே தெரிஞ்சிருந்தா..." என்று இழுத்தான். அதை வெட்டிக் குளிர்பெட்டியில் ஒட்டலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள்.

ஆனால் அது பிறகு. அன்று மதியம் படம் முடிந்து, சனங்கள் சாசேஜ் ரோல் மேஜையைச் சுற்றி என்ன பேசுவது என்று தெரியாமல் தின்றுகொண்டிருந்தபோது, மார்லீனும் ஆலிவ்வும் கூடத்துக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பக்கம் ஜூன் என்றால் குளிர்காலம், வெயில் சுகமாக இருந்தது. ஆலிவ் ஒரு காலை நீட்டி முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கம்மா பேரு என்ன, ஆலிவ்?" என்று கேட்டாள் மார்லீன்.

ஆலிவ் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"இதக் கேக்க உனக்கு நாப்பது வருஷம் ஆச்சு. நீ பஸ் ஓட்டற வேகத்துலதான் உன் மூளையும் ஓடுது."

"சரி, இப்போ வந்து சேந்துட்டேன்ல. சொல்லு."

"ஐவி" என்றாள் ஆலிவ். "ஆஸ்பத்திரில துணி தொவச்சா. ஒவ்வொரு மாசமும், முப்பது மைல் நடந்து, எங்கள வெச்சிருந்த விடுதி கேட்டுக்கு வருவா. உள்ள விட மாட்டாங்க. கேட்டுக்கு வெளியில நின்னு பாடுவா, எங்களுக்குக் கேக்கட்டும்னு. மகா மோசமான கொரல். நாய்ங்கல்லாம் கூடச் சேந்து ஊளையிடும். மத்த பிள்ளைங்க சிரிக்கும்."

"நீ?"

"நானும்தான் சிரிச்சேன். எங்கம்மா வந்திருக்கான்னு எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன்."

உள்ளேயிருந்து டெஸ் ஒரு காகிதத் தட்டில் நான்கு சாசேஜ் ரோலும் தக்காளிச் சாஸும் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்தான். முதுகு வலித்தாலும் குனிந்து வைத்தான். அவன் எதுவும் கேட்காமல் திரும்பிப் போனதும், ஆலிவ் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டு, ஐவி பாடிய பாட்டு எப்படி இருக்கும் என்று சொல்லத் தொடங்கினாள்.